டைக்குள் மாட்டிய கூடு: வாசகர் கேள்வி – பதில்

சுட்ட தோட்டாக்கூட்டைத் திரும்ப நிரப்புவது பற்றிப் போன இதழில் போகிறபோக்கில் இரண்டு வரி எழுதியதற்கு இப்படிக் கடிதம் கொட்டும் என்று நினைக்கவில்லை. கூடு என்று நான் சொல்வது, சுட்ட பிறகு துப்பாக்கியிலிருந்து வெளியே விழுமே, அந்தப் பித்தளை உறையை. டை என்பது அதைப் பழைய அளவுக்கு நெருக்கும் எஃகு அச்சு, அதற்குள் கூட்டை ஏற்றி இறக்குவது பிரஸ். வந்ததில் பெரும்பாலானவை ஒரே புலம்பல்: கூட்டைப் பழைய அளவுக்குக் கொண்டுவர டைக்குள் ஏற்றினேன், ஏறியது, இறங்கவில்லை. சரி, மற்ற கேள்விகள் காத்திருக்கட்டும், இந்த முறை இது மட்டும்தான். உரிமம், சட்டம் எல்லாம் நாட்டுக்கு நாடு வேறு. அதை ஒழுங்காக வைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, இந்த வேலைக்கு நான் புதுசு. 308 வின்செஸ்டர் என்ற ரைபிள் தோட்டாவின் கூடுகள். முதல் மூன்று கூடு அழகாக வந்தது. நாலாவது உள்ளே போய் அப்படியே நின்றுவிட்டது. பிரஸ்ஸின் கைப்பிடியில் தொங்கிப் பார்த்தேன், கூட்டின் அடி விளிம்பு மட்டும் பிய்ந்து கையோடு வந்தது, கூடு டைக்குள்ளேயே தங்கிவிட்டது. டை மட்டமா, பித்தளை மட்டமா?

பதில்: இரண்டும் மட்டமில்லை, தம்பி. இடையில் இருக்க வேண்டிய மசகு இல்லை, அவ்வளவுதான். ஆனால் ஏன் என்று தெரிந்துகொண்டால் மறுபடி இது நடக்காது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

308 சுடும்போது உள்ளே எழும் அழுத்தத்துக்கு வைத்திருக்கும் மேல் வரம்பு சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. அந்த அழுத்தத்தில் பித்தளை ஊதிப் பெருத்து சேம்பரின், அதாவது துப்பாக்கிக்குள் தோட்டா உட்காரும் அறையின், சுவரோடு ஒட்டிக்கொள்ளும், அழுத்தம் இறங்கியதும் கொஞ்சம் சுருங்கும், ஆனால் பிறந்த அளவுக்குத் திரும்பாது. அதைத் திரும்ப வைப்பதுதான் டையின் வேலை. டையின் உட்புறம் சேம்பரைவிடச் சிறியது, ஆக நீங்கள் செய்வது ஒரு பெரிய பித்தளைக் குழாயைச் சின்ன எஃகுப் பொந்துக்குள் வலுக்கட்டாயமாகத் திணிப்பது. தோட்டாப் பித்தளை என்பது 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் சேர்ந்தது, எஃகோடு ஒப்பிட்டால் மெத்தென்றது. அவ்வளவு நெருக்கத்தில் இரண்டும் நேருக்கு நேர் உரசினால் பித்தளையின் துணுக்குகள் எஃகின் மேல் பற்றவைத்தது போல ஒட்டிக்கொள்ளும், ஒட்டிய துணுக்கு பின்னால் வரும் பித்தளையைக் கீறி இன்னும் கொஞ்சம் பிய்த்துத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும், இப்படி ஒரு நொடியில் பிடி இறுகிவிடும். மசகு செய்வதெல்லாம் இந்த இரண்டு உலோகமும் ஒன்றையொன்று தொடாமல் நடுவில் ஒரு படலமாக நிற்பதுதான். படலம் ஒரு இடத்தில் கிழிந்தால் போதும்.

சரி, முதல் மூன்று ஏன் வந்தது? துருப்பிடிக்காமல் இருக்கப் புது டைக்குள் எண்ணெய் பூசி அனுப்புவார்கள். அதுவும் நீங்கள் முதல் கூட்டுக்கு ஆசையாகப் பூசியதும் சேர்ந்து மூன்று கூடு வரை இழுத்துக்கொண்டு போயிருக்கும். நாலாவதுக்குக் கையில் இருந்த பூச்சு வற்றியிருக்கும், நீங்களும் கவனித்திருக்க மாட்டீர்கள். இது என் ஊகம்தான், ஆனால் உங்களைப் போல 'மூணு நல்லா வந்துச்சு' என்று சொன்னவர்கள் நிறையப் பேர்.

இன்னொன்று, பலர் தப்பான இடத்தில் பூசுகிறார்கள். கண்ணுக்கு முன்னால் இருப்பது கூட்டின் வாய்ப்பக்கம், அதனால் அங்கே தாராளமாகத் தடவிவிட்டு அடிப்பக்கத்தைத் தொடாமல் விடுகிறார்கள். உண்மையில் சிக்குவது அடிப்பக்கம். அடி விளிம்புக்குச் சற்று மேலே சுவர் தடிமன், பித்தளையும் அங்கேதான் கடினம், டை அதை நெருக்குவது கைப்பிடி கடைசியாக இறங்கும் அந்தக் கொஞ்ச தூரத்தில். உடம்பின் கீழ்ப்பாதிக்குத்தான் முதல் மரியாதை. விரலில் மெழுகை எடுத்துக் கூட்டை உருட்டிக்கொண்டே அடி வரை பூச வேண்டும். கூடு பளபளவென்று தெரியக்கூட வேண்டாம், தொட்டால் வழுக்கினால் போதும்.

இனி அந்த விளிம்பு விஷயம். கூட்டை மேலே ஏற்றும்போது பிரஸ் அதன் அடி முழுவதையும் தாங்கித் தள்ளுகிறது. இறக்கும்போது ஷெல் ஹோல்டர், அதாவது கூட்டின் அடியைப் பிடித்திருக்கும் பிடி, ஒரு மெல்லிய விளிம்பை, அதையும் சுற்று முழுக்க இல்லாமல், பிடித்து இழுக்கிறது. அதோடு ராம், அதாவது கூட்டைச் சுமந்து ஏறும் தண்டு, உச்சிக்கு வர வர நெம்புகோலின் பலம் பல மடங்கு பெருகும், அதாவது உங்கள் கைக்கே தெரியாமல் ஒரு யானை தள்ளுகிறது. ஏற்றுவதற்கு யானை பலம், இறக்குவதற்கு விளிம்பு பலம். அதனால்தான் சிக்கிய பிறகு கைப்பிடியில் தொங்குவது ஒரு காசுக்கும் உதவாது, விளிம்பு பிய்ந்து நிலைமை இன்னும் மோசமாகும்.

ஆனால் யானை கிளம்புவதற்கு முன்னால் கைக்கு ஒரு தகவல் வரும். நன்றாக மசகு போட்ட கூடு ஒரே சீராக, கனமாக ஆனால் வழுக்கிக்கொண்டு ஏறும். காய்ந்த கூடு பாதி வழியில் 'கரகர'வென்று உரசும், அல்லது திடீரென்று கனம் கூடும். அந்த இடத்தில் நிறுத்த வேண்டும். பாதிதான் போயிருந்தால் பெரும்பாலும் அப்படியே திரும்பி வந்துவிடும், எடுத்துத் துடைத்து மறுபடி பூசி ஏற்றலாம். 'இன்னும் கொஞ்சம்தானே' என்று ஒரு அழுத்து அழுத்துகிறோம் பாருங்கள், மாட்டிய கூடுகளில் பாதி அந்த ஒரு அழுத்தில் மாட்டியவை. நான் பத்து கூட்டுக்கு ஒரு கூட்டை மற்றதைவிடக் கொஞ்சம் அதிகமாகப் பூசி விடுவேன், அது டைக்குள்ளேயும் பூசிவிட்டு வரும். புது டையாக இருந்தால் உள்ளே இருக்கும் துருத்தடுப்பு எண்ணெயை முதலில் துடைத்து எடுத்துவிட்டு, முதல் இரண்டு மூன்று கூட்டை இப்படித்தான் தாராளமாக அனுப்ப வேண்டும்.

கேள்வி: மசகு என்று தனியாக விற்பதெல்லாம் வியாபாரத் தந்திரம்தானே? வீட்டில் இன்ஜின் ஆயில் இருக்கிறது, டபிள்யூடி-40 இருக்கிறது. எண்ணெய் எண்ணெய்தானே சார்?

பதில்: இல்லை சார். இன்ஜின் ஆயில் தன் இடத்தில் பிரமாதமாக வேலை செய்கிறது, ஏனென்றால் அங்கே பம்பு விடாமல் எண்ணெயை ஊட்டிக்கொண்டே இருக்கிறது. இங்கே ஒரு தடவை பூசியது, அதை எஃகு வழித்துக்கொண்டே போகிறது, அந்த நெருக்கத்திலும் பிதுங்கி ஓடாமல் நிற்க வேண்டும். மெல்லிய எண்ணெய் ஓடிவிடும். டபிள்யூடி-40 இன்னும் மெல்லியது. அதைப் போட்டுத் தப்பித்தவர்களும் இருக்கிறார்கள், ஆனால் டையைக் கழற்றி எடுத்துக்கொண்டு அலைந்தவர்கள் அவர்களைவிட அதிகம்.

என் விருப்பத்தைக் கேட்டால் மெழுகுதான். இம்பீரியல் சைஸிங் வாக்ஸ் என்று ஒரு சின்ன டப்பா, விரல் நுனியில் ஒற்றி எடுத்தால் இரண்டு மூன்று கூட்டுக்கு வரும், ஒரு டப்பா வருஷக்கணக்கில் தீராது. குறை என்னவென்றால் ஒவ்வொன்றாகப் பூச வேண்டும், 500 கூடு இருந்தால் விரல் கெஞ்சும். அப்போது ஸ்ப்ரே.

ஸ்ப்ரேயில் நீங்களே கலந்துகொள்ளக்கூடியதும் இருக்கிறது: திரவ லானோலின் ஒரு பங்கு, 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹால் சுமார் பத்து பங்கு. லானோலின் என்பது செம்மறி ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் மெழுகுக் கொழுப்பு, மழையில் ஆடு நனையாமல் இருக்க இயற்கை கொடுத்தது, எஃகுக்கும் பித்தளைக்கும் நடுவில் இவ்வளவு உறுதியாக நிற்கும் என்று ஆட்டுக்கே தெரியாது. 70 சதவீத ஆல்கஹாலை எடுத்துக்கொள்ளாதீர்கள், மீதி 30 தண்ணீர், லானோலின் அதில் சரியாகக் கரையாது. ஒவ்வொரு முறையும் பாட்டிலை நன்றாகக் குலுக்க வேண்டும், இல்லாவிட்டால் லானோலின் எல்லாம் அடியில் தங்கிவிட்டு வெறும் ஆல்கஹாலைத் தெளித்துக்கொண்டிருப்பீர்கள். காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள், பக்கத்தில் நெருப்பு எதுவும் வேண்டாம், ஆல்கஹாலின் ஆவி பற்றிக்கொள்ளும்.

தெளித்த பிறகு காய விடுவதுதான் உயிர். இதை நான் சொந்தக் காசில் கற்றுக்கொண்டேன். மசகு வேலையைச் செய்வது லானோலின், அதைச் சுமந்து வருவது ஆல்கஹால். ஆல்கஹால் பறந்து போகும் வரை அங்கே உறுதியான படலமே கிடையாது. ஒருநாள் அவசரத்தில் தெளித்த கையோடு ஈரமாகவே ஏற்றினேன். இரண்டாவது கூட்டில் நின்றது. நின்றதும் கோபம், கோபத்தில் சுத்தியல், டைக்குள்ளே இருந்த, பிரைமரை (கூட்டின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி) வெளியே தள்ளும் கம்பி வாழைநார் மாதிரி வளைந்தது. பத்து நிமிஷம் காத்திருக்கப் பொறுமையில்லாதவன் அன்று மாலை முழுக்க உட்கார்ந்து கூட்டைத் துளைத்துக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் தெளித்துவிட்டு எழுந்து போய்விடுவேன், கண்ணெதிரே இருந்தால்தானே கை அரிக்கும்.

கேள்வி: நீங்கள் சொன்னபடியே மசகில் குளிப்பாட்டித்தான் ஏற்றுகிறேன், மாட்டுவதில்லை. ஆனால் தோள்பக்கத்தில் சின்னச் சின்னப் பள்ளம் விழுகிறது.

பதில்: குளிப்பாட்டச் சொன்னது யார்? கழுத்துக்குக் கீழே சரிவாக இருக்கும் தோளில் மசகு தேங்கினால், டை மூடும்போது அது போக இடமில்லாமல் மாட்டிக்கொள்ளும். திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது, மெல்லிய பித்தளையைத்தான் முடியும், அதனால் பித்தளை உள்ளே போகிறது. டையில் காற்றுப்போக ஒரு சின்னத் துளை இருந்தால் அது அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். லேசான பள்ளம் அடுத்த முறை சுடும்போது தானே நிமிர்ந்துவிடும், மடிப்பு மாதிரி கூர்மையாக விழுந்திருந்தால் அந்தக் கூட்டைத் தூக்கிப் போடுங்கள். தோளில் எதுவும் பூச வேண்டாம், கீழே இருந்து மேலே ஏறும்போது தானாகப் படிவதே போதும்.

கேள்வி: ஏறும்போது ஒன்றும் இல்லை. இறங்கும்போது கடைசியில் 'கீச்'சென்று கத்துகிறது, கைப்பிடியும் கனக்கிறது. இதுவும் மாட்டப்போவதன் அறிகுறியா அண்ணே?

பதில்: கத்துவது கூட்டின் வெளிப்புறம் இல்லை, உள்புறம். டைக்கு நடுவில் தொங்கும் கம்பியில் ஒரு குமிழ் இருக்கிறதல்லவா, எக்ஸ்பாண்டர், டை தேவைக்கு மேல் நெருக்கிய கழுத்தை இறங்கும்போது உள்ளிருந்து விரித்துச் சரியான அளவுக்குக் கொண்டுவருவது அதுதான். கழுத்தின் உட்புறம் காய்ந்திருந்தால் குமிழ் கழுத்தைப் பிடித்து இழுக்கும். கூடு மாட்டுவது அபூர்வம், ஆனால் கழுத்து நீளும், சில நேரம் தோளே மேலே இழுபட்டு வந்துவிடும், அப்புறம் அந்தத் தோட்டா சேம்பருக்குள் சரியாக உட்காராது. நைலான் பிரஷ்ஷில் கொஞ்சம் மசகைத் தொட்டு கழுத்துக்குள் ஒரு சுற்று சுற்றினால் தீர்ந்தது. அதைப் பிறகு துடைத்து எடுக்கச் சோம்பலாக இருந்தால் கிராஃபைட் தூள் அல்லது மைக்காத் தூள்.

ஒன்று கேட்க மறந்தேன், ஸ்டீல் குண்டூசிகளோடு தண்ணீரில் போட்டுச் சுழற்றி எடுத்த கூடுகளா இவை? அப்படியென்றால் ஆச்சரியமே இல்லை. அந்த முறையில் கழுத்துக்குள் இருக்கும் கரியெல்லாம் போய்ப் பளிங்கு மாதிரி ஆகிவிடும், பார்க்க அழகு, ஆனால் அந்தக் கரிதான் அதுவரை உலர்ந்த மசகாக இருந்து உங்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. சோளத்தக்கைத் தூள் போட்டு டம்ளரில் சுழற்றுகிறவர்கள் இந்தக் கீச்சலை அவ்வளவாகக் கேட்பதில்லை. டம்ளர் என்றால் கூடுகளைச் சுழற்றிச் சுத்தம் செய்யும் இயந்திரம், தண்ணீர் குடிக்கிற டம்ளர் இல்லை, போன முறை ஒருவர் நிஜமாகவே கேட்டார்.

கேள்வி: கார்பைடு டைக்கு மசகே தேவையில்லை என்கிறார்களே, உண்மையா?

பதில்: கைத்துப்பாக்கிக் கூடுகளுக்கு உண்மை. 38 ஸ்பெஷல், 45 ஏசிபி மாதிரி நேராக இறங்கும் கூடுகளுக்கும், லேசாகச் சரியும் 9 மில்லிமீட்டருக்கும், டையின் வாயில் டங்ஸ்டன் கார்பைடு வளையம் வைத்திருப்பார்கள், பித்தளை அதில் ஒட்டாது. இருந்தாலும் நான் லேசாக ஸ்ப்ரே அடிப்பேன், கை வலி பாதியாகக் குறையும். ஆனால் கழுத்துக் குறுகிய ரைபிள் கூட்டுக்குக் கார்பைடு டை வாங்கினாலும் மசகு போட்டே ஆக வேண்டும். அங்கே கூட்டின் உடம்பு முழுவதும் சுவரோடு அழுந்துகிறது, ஒரு வளையத்தை மட்டும் தாண்டிப் போவதில்லை.

கேள்வி: சுடும் களத்தில் மற்றவர்கள் விட்டுப்போன கூடுகளைப் பொறுக்கி எடுத்து வந்தேன். மசகு எல்லாம் ஒரே மாதிரிதான் போடுகிறேன், சில கூடு மட்டும் கல்லாக நிற்கிறது.

பதில்: உங்கள் துப்பாக்கியில் சுட்ட கூடு உங்கள் சேம்பரின் அளவுக்குத்தான் ஊதியிருக்கும். ஊரார் கூடு எந்தச் சேம்பரில் ஊதியது என்று யாருக்குத் தெரியும்? இயந்திரத் துப்பாக்கியின் சேம்பரைக் கொஞ்சம் தாராளமாகவே வைப்பார்கள், அழுக்கு ஏறினாலும் ஓட வேண்டுமே என்று, அதில் சுட்டது அடிப்பக்கம் நன்றாகப் பெருத்திருக்கும், டை அதை அமுக்க இரண்டு மடங்கு பாடுபடும். அந்த மாதிரிக் கூட்டுக்கு மசகு கூடுதலாகப் போட்டு, ஒரே மூச்சில் ஏற்றாமல் கொஞ்சம் ஏற்றிக் கொஞ்சம் இறக்கி மறுபடி ஏற்றுங்கள். சுத்தம் செய்யாமல் மசகு போடுவதும் கூடாது, கூட்டில் ஒட்டிய ஒரு மணல் துகள் டையில் போட்ட கோடு அந்த டையின் ஆயுள் முழுக்க ஒவ்வொரு கூட்டிலும் தெரியும்.

அப்புறம் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். நடுவில் ஒரு துளை இருந்தால் பாக்ஸர் வகை, பிரைமர் தள்ளும் ஊசி அதன் வழியே போகும். பக்கவாட்டில் இரண்டு சின்னத் துளை இருந்தால் பெர்டன் வகை, அதில் ஊசி போக வழியே இல்லை, கைப்பிடி நிற்பதை நீங்கள் கூடு மாட்டிக்கொண்டது என்று நினைத்து அழுத்தினால் ஊசி உடையும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. பெர்டன் அமெரிக்கர், பாக்ஸர் ஆங்கிலேயர், இருவரும் 1860களில் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் கண்டுபிடித்தார்கள், கடைசியில் அமெரிக்காவில் பாக்ஸர் நிலைத்தது, ஐரோப்பாவில் வெகுகாலம் பெர்டன் ஓடியது. காந்தத்தில் ஒட்டும் கூடு எஃகுக் கூடு, அதைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள், டைக்கு அந்த வேதனை வேண்டாம்.

கேள்வி: எல்லாம் சரி, மாட்டியாகிவிட்டது, விளிம்பும் போய்விட்டது. இப்போது என்ன செய்ய? ஒருவர் ஃப்ரீசரில் வைக்கச் சொன்னார், இன்னொருவர் ஊதுவிளக்கில் காட்டச் சொன்னார்.

பதில்: ஊதுவிளக்கு சொன்னவரை இனி கேட்காதீர்கள். பித்தளை சூட்டில் எஃகைவிட அதிகமாக விரியும், ஏற்கெனவே இறுக்கிப் பிடித்திருப்பது இன்னும் இறுகும், டையின் கடினமும் கெட்டுப்போகலாம். அந்தக் கணக்கில் ஃப்ரீசர் சொன்னவர் பக்கம் நியாயம் இருக்கிறது, குளிரில் பித்தளை எஃகைவிட அதிகமாகச் சுருங்கும். எவ்வளவு என்று போட்டுப் பாருங்கள்: 308 கூட்டின் அடி சுமார் 12 மில்லிமீட்டர், அறை வெப்பத்திலிருந்து ஃப்ரீசருக்குப் போனால் 40 டிகிரிக்கு மேல் இறங்கும், இரண்டு உலோகத்துக்கும் இடையில் வரும் வித்தியாசம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் நான்கு பங்கு. தலைமுடிகூட அதைவிடப் பத்து மடங்குக்கு மேல் தடிமன். லேசாகப் பிடித்திருந்தால் உதவும், இல்லாவிட்டால் குளிர்ந்த டைதான் கையில் இருக்கும். விளிம்பு இன்னும் பிய்யாதவர்கள் ஃப்ரீசரையும், வாய்ப்பக்கத்திலிருந்து ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு இரவு வைப்பதையும் முயன்று பார்க்கலாம், செலவில்லாத வேலைதானே.

விளிம்பு போனவர்களுக்கு ஒரே வழி, துளைத்து மரை போட்டு இழுப்பது. இதற்கென்றே சின்ன செட் விற்கிறார்கள், இல்லாவிட்டாலும் மரை வெட்டும் ஒரு டேப்பும் போல்ட்டும் இருந்தால் போதும். முதலில் டையின் மேல்பக்கம் இருக்கும் கம்பியை முடிந்தவரை மேலே திருகி ஏற்றிக்கொள்ளுங்கள். குமிழ் கழுத்தைத் தாண்டி வெளியே வராது, ஆனால் ஊசி கூட்டின் அடியிலிருந்து விலகினால் துளைக்கும்போது பிட் அதைத் தொடாது. டையைக் கழற்றித் தலைகீழாக வைஸில், மரை நசுங்காமல் துணியோ மரக்கட்டையோ வைத்துப் பிடியுங்கள். பிரைமர் இருந்த குழி நடுவில் தயாராக இருக்கிறது, அதன் வழியே சுமார் 5.1 மில்லிமீட்டர் துளை போட்டால் கால் அங்குலம், அங்குலத்துக்கு 20 இழை கொண்ட டேப் சரியாக இறங்கும். மெட்ரிக் எம் 6 டேப் வைத்திருந்தால் துளை 5 மில்லிமீட்டர். அடிப்பக்கம் பித்தளை நல்ல தடிமன், மரை நன்றாகப் பிடிக்கும். டேப்பை அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால் என்று பொறுமையாக விடுங்கள்.

பிறகு டையின் வாயை விடப் பெரிய துளையுள்ள ஒரு கட்டையான குழாய்த் துண்டையோ சாக்கெட்டையோ டையின் மேல் உட்கார வைத்து, அதன் மேல் தடித்த வாஷர், அதன் வழியே போல்ட். போல்ட்டை இறுக்க இறுக்க கூடு மேலே ஏறி வரும், 'டக்' என்று ஒரு சத்தம், விட்டுவிடும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். சில கம்பெனி டைகளில் கம்பியைப் பிடித்திருக்கும் நட்டைத் தளர்த்திவிட்டு, மேலிருந்து கம்பியைத் தட்டியே கூட்டை வெளியே தள்ளலாம், அப்படித் தட்டலாம் என்று அந்த டையோடு வந்த காகிதத்தில் இருந்தால் மட்டும். என் கம்பி வளைந்த கதை மேலே இருக்கிறது.

கூடு வந்த பிறகு டையை அப்படியே திரும்ப மாட்டிவிடாதீர்கள். உள்ளே விளக்கு அடித்துப் பார்த்தால் மஞ்சளாகக் கோடு கோடாகப் பித்தளை ஒட்டியிருக்கும், அதை விட்டுவைத்தால் அடுத்த கூடும் அதே இடத்தில் நிற்கும். மரக்குச்சியில் துணி சுற்றி உலோகப் பாலிஷ் தொட்டு, ட்ரில்லில் மாட்டி மெதுவாகச் சுழற்றினால் போய்விடும். எமரித் தாள் வேண்டாம், பித்தளையோடு டையின் அளவையும் தேய்த்துவிடுவீர்கள்.

கேள்வி: டையை எவ்வளவு கீழே இறக்கி வைக்க வேண்டும்? அதிகம் இறக்கினால் மாட்டுமா?

பதில்: ராமை உச்சிக்கு ஏற்றி, ஷெல் ஹோல்டரைத் தொடும் வரை டையை இறக்கி, அதற்கப்புறம் கால் சுற்று என்பது பெட்டியில் வரும் காகிதம் சொல்லும் அளவு. எந்தத் துப்பாக்கியிலும் போகும் தோட்டா அதில் கிடைக்கும், ஆனால் உங்கள் துப்பாக்கிக்குத் தேவைக்கு மேல் தோளைப் பின்னால் தள்ளிவிடலாம். ஒவ்வொரு தோட்டாவையும் கையால் ஏற்றும் போல்ட் ரைபிளுக்குச் சுட்ட கூட்டின் தோள் 0.05 மில்லிமீட்டர் பின்னால் போனால் போதும், தானே ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கிக்கு அதைவிட இரண்டு பங்கு வரை. அளக்க கேஜ் விற்கிறது. மாட்டுவதற்கும் இதற்கும் நேரடியாகச் சம்பந்தமில்லை, தேவைக்கு மேல் நெருக்கினால் உரசலும் கூடும் என்ற அளவுக்குத்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் அளவுக்கு மீறித் தள்ளினால் கூடு அடிக்குச் சற்று மேலே உள்ளுக்குள் மெலியும், வெளியே பளிச்சென்று ஒரு வளையம் தெரியும், அதைக் கண்டால் அந்தக் கூட்டை நசுக்கிக் குப்பையில் போடுங்கள், அடுத்த சூட்டில் இரண்டாகப் பிரியும்.

கேள்வி: வேலை முடிந்ததும் மசகைத் துடைக்க வேண்டுமா? கூடு சேம்பரில் வழுக்கிக்கொண்டு போகட்டுமே, நல்லதுதானே?

பதில்: நல்லதில்லை. சுடும்போது கூடு சேம்பர் சுவரைப் பற்றிக்கொண்டு நிற்பதால்தான் பின்னால் வரும் உதையில் ஒரு பங்கு அந்தச் சுவருக்குப் போகிறது. வழுக்கினால் அந்தப் பங்கும் சேம்பரைப் பின்னாலிருந்து அடைத்து நிற்கும் துப்பாக்கியின் போல்ட் மேல் வந்து விழும். கழுத்துக்குள் தங்கிய மசகு வெடிமருந்தையும் பிரைமரையும் கெடுக்கும். ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள், நிறைய இருந்தால் சோளத்தக்கைத் தூளில் கொஞ்ச நேரம் சுழற்றுங்கள். கூட்டின் அடியில் உள்ள துளையில் தூள் அடைத்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: இன்னும் வெடிக்காத பிரைமர் உள்ள கூடு நிறைய இருக்கிறது. பிரைமரை வீணாக்காமல் அப்படியே டையில் ஏற்றலாமா?

பதில்: ஊசியைக் கழற்றிவிட்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு, நிதானமாக ஏற்றலாம், செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அதில் மசகை இரண்டு தடவை சரிபாருங்கள், ஏனென்றால் அந்தக் கூடு மாட்டினால் மேலே நான் சொன்ன ட்ரில், டேப், தட்டுவது எதுவும் கிடையாது, பிரைமர் மேல் பிட் இறங்கினால் வெடிக்கும். எண்ணெய் விட்டு பிரைமரைச் சாகடித்துவிட்டேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், எண்ணெய் சில நேரம் கொல்லும், சில நேரம் கொல்லாது. டையை அப்படியே எடுத்து, உள்ளே உயிருள்ள பிரைமர் இருக்கிறது என்று ஒரு சீட்டில் எழுதி ஒட்டி, துப்பாக்கி பழுது பார்க்கும் ஆளிடம் கொடுத்துவிடுங்கள். சொல்லாமல் கொடுக்காதீர்கள்.